கப்பல் வரும் நாளில் வேறு விலையா?

பினாங்கில் கடை வைத்திருக்கும் நம்மவர்களுக்குக் கப்பல் புதிதன்று. நம் பாட்டன்மார் உடுத்த துணியோடும் ஒரு தகரப் பெட்டியோடும் கப்பலில் வந்து இறங்கியவர்கள். அவர்கள் விற்ற அரிசியும் பருப்பும் வெங்காயமும் கப்பலில்தான் வந்தன. ஆனால் இந்நாளில் ஸ்வெட்டன்ஹாம் துறையில் வந்து நிற்கின்றனவே உல்லாசக் கப்பல்கள், அவை வேறு ஜாதி. அவற்றில் மூட்டையுமில்லை, முடிச்சுமில்லை; மனிதர்கள்தாம் இருக்கிறார்கள். பெரிய மாடிக் கட்டிடம் ஒன்றைப் பெயர்த்துக் கொண்டுவந்து கடலில் நிறுத்தினாற்போல் நிற்கும் ஒரே கப்பலில் 4,000 பேருக்கு மேலும் வருவதுண்டு. காலையில் இறங்குவார்கள். ஒரு பகல் முழுதும் நம் தெருக்களில் நடப்பார்கள். பொழுது சாய்வதற்குள் ஏறிவிடுவார்கள். பிறகு அவர்கள் முகத்தை நாமோ, நம் முகத்தை அவர்களோ இவ்வுலகில் காணப் போவதில்லை.

இவர்களிடம் என்ன விலை சொல்வது? இதுதான் கேள்வி. சிறிய கேள்விபோலத் தோன்றும். ஆயினும் வணிகப் பெருமக்களாகிய அன்பர்கள் இதைச் சற்றே நிதானித்துப் பார்க்க வேண்டுமென்று விரும்பியே எழுதத் துணிந்தோம். நாம் பெரிய படிப்புப் படித்தவரல்லோம். மதரஸாவில் ஓதியதும், ஆரம்பப் பள்ளியில் எழுதப் படிக்கக் கற்றதும், மிச்சமெல்லாம் கல்லாப் பெட்டிக்குப் பின்னால் நின்று கற்றதுமே நமது முதல்.

முதலில் அந்தப் பிரயாணியின் ஒரு பகல் எப்படிப்பட்டதென்று பார்ப்போம். மின்விசிறிக்குக் கீழே நிற்கும் நமக்கு அது எளிதில் தெரிவதில்லை.

துறையைவிட்டு வெளியே வந்ததும் எதிர்ப்படுவது விக்டோரியா மகாராணியின் மணிக்கூண்டு. 1897இல் அவ்வம்மையாரின் ஆட்சி 60 ஆண்டு நிறைந்ததை முன்னிட்டுச் சியா சென் இயோக் என்ற சீனச் சீமான் கட்டிக்கொடுத்தது. ஆண்டுக்கு ஓர் அடி வீதம் 60 அடி உயரம். எல்லோரும் அங்கே நின்று படம் பிடித்துக் கொள்கிறார்கள். ஒதுங்க நிழல் கிடையாது. பக்கத்தில், 1786இல் பிரான்சிஸ் லைட் வந்திறங்கிய இடத்தில் எழுந்த கார்ன்வாலிஸ் கோட்டை. அதுவும் திறந்த வெளியே. பிறகு லெபோ பந்தாய், அதைக் கடந்தால் நமது சின்ன இந்தியா, லெபோ சூலியா, 1801இல் காதர் முகையதீன் அவர்கள் நிறுவிய கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், அதற்கப்பால் அர்மேனியன் தெருவின் சுவர்ச் சித்திரங்கள். கையிலுள்ள வரைபடத்தில் பார்த்தால் எல்லாம் விரலளவு தூரம்தான். கால்தான் அளந்து சொல்ல வேண்டும்.

வெளியூர்க்காரர் வழக்கமாகப் போடும் கணக்கு ஒன்றுண்டு. உச்சி வெயில் 12 மணிக்கு. அதற்குள் பாதியைப் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் உண்டு இளைப்பாறி, 1 மணிக்கு மேல் வெயில் தணிந்தபின் மீதியைப் பார்த்துக் கொள்ளலாம் என்பதே அது. இவ்விடத்துக் கடிகாரம் அவரை ஏமாற்றிவிடுகிறது. 1982 ஜனவரி 1ஆம் தேதி தீபகற்ப மலேசியாவின் கடிகாரங்களை அரைமணி நேரம் முன்னே தள்ளி வைத்தார்கள். அதனால் பினாங்கில் சூரியன் உச்சிக்கு வருவது 1 மணிக்குப் பின்னர். பிப்ரவரி மாதத்திலோ 1.30ஐயும் தாண்டுகிறது. லுஹர் பாங்கு எப்போது சொல்லப்படுகிறதென்று அறிந்த அன்பர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தப் பிரயாணி வெயில் தணிந்திருக்கும் என்றெண்ணி வெளியே காலெடுத்து வைக்கும் அதே நேரத்தில்தான் சூரியன் தலைக்கு மேல் வந்து நிற்கிறான். ஏப்ரல் தொடக்கத்திலும் செப்டம்பர் முற்பகுதியிலும் மெய்யாகவே நேர் மேலே நிற்கிறான். நிற்பவருடைய நிழல் அவருடைய செருப்புக்கடியில் ஒளிந்து கொள்ளும்.

அதோடு கடற்காற்றின் ஈரம் வேறு. வியர்வை வந்தால் மட்டும் தேகம் குளிர்ந்துவிடாது; வந்த வியர்வை காய வேண்டும். இவ்விடத்தில் அது காய்வதேயில்லை, சட்டையை நனைத்துக்கொண்டு ஓடுகிறது. குளிர்நாட்டு மனிதருடைய உடம்பு இத்தகைய உஷ்ணத்துக்குப் பழக ஒன்றிரண்டு வாரமாவது செல்லும் என்று வைத்தியர்கள் சொல்வர். இவர்களுக்கோ இருப்பது எட்டு மணி நேரம். அதிலும் குளிர்சாதனம் ஓடும் கப்பலிலிருந்து நேரே வெயிலில் இறங்குகிறார்கள். பெரும்பாலோர் வயது முதிர்ந்தவர்கள். சிலர் புத்திசாலித்தனமாகப் பினாங்கு மலைக்கு ஏறிவிடுகிறார்கள். 833 மீட்டர் உயரமுள்ள அம்மலையில் காற்று சற்றுக் குளிர்ச்சிதான். ஆனால் கப்பல்நாளில் மலை ரயிலுக்கு நிற்கும் வரிசையைப் பார்த்தால், ஏறிச் சேர்வதற்குள் இறங்க வேண்டிய நேரம் வந்துவிடுமோ என்று நமக்கே பயமாயிருக்கும்.

நேரம் என்றோமே, அதுவும் ஒரு சுமை. கப்பல் புறப்படுவதற்கு அரைமணியோ ஒரு மணியோ முன்பாக எல்லோரும் ஏறியாக வேண்டுமென்பது விதி. கப்பல்காரரே ஏற்பாடு செய்த பஸ்ஸில் போனவர்கள் தாமதித்தால் கப்பல் காத்திருக்கும். தாமாகச் சுற்றப் போனவருக்குக் காத்திராது. சில கப்பல்களில் கப்பலின் கடிகாரம் ஒரு மணி காட்டும். கரையின் கடிகாரம் இன்னொரு மணி காட்டும். ஆகவே அவர்கள் ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தரம் கையைத் திருப்பி மணி பார்ப்பதைக் காணலாம்.

இப்படி ஒருவர் வெயிலில் வெந்து, கால் கடுத்து, நாக்கு வரண்டு, நேரத்துக்கு அஞ்சி நம் கடையின் அஞ்சடியில் வந்து நிற்கிறார். அஞ்சடி என்பது எவ்வளவு நல்ல ஏற்பாடு என்பதை அப்பொழுதுதான் உணர வேண்டும். 1822இல் ராபிள்ஸ் துரை சிங்கப்பூருக்கு நகர்த் திட்டம் வகுத்தபோதே, வீடுகளின் முன்னால் தொடர்ச்சியாகக் கூரையிட்ட நடைபாதை இருக்க வேண்டுமென்று விதித்தார். வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்கி நடப்பதற்காகவே அது. அந்த நிழலுக்காகத்தான் அம்மனிதர் வருகிறார்; சாமான் வாங்குவதற்கென்று வரவில்லை. வந்தவர் கண்ணில் தண்ணீர்ப் போத்தல் படுகிறது. என்ன விலை என்று கேட்கிறார்.

நேற்று நம் தெருவாசி ஒருவருக்கு 2 வெள்ளிக்குக் கொடுத்த போத்தல் அது. இன்று 4 வெள்ளி என்கிறோம். அல்லது 5 என்கிறோம். அவரும் பேசாமல் கொடுத்துவிட்டு, நின்ற இடத்திலேயே மூடியைத் திருகி மடமடவென்று குடிக்கிறார்.

எல்லாக் கடைகளிலும் இப்படி நடப்பதாக நாம் கூறவில்லை. கப்பல்நாளென்றாலும் வெள்ளிக்கிழமையென்றாலும் ஒரே விலை சொல்லும் கடைகள் நம் தெருவிலேயே உண்டு. ஆனால் கப்பல் வரும் தேதிகளைக் குறித்து வைத்துக்கொண்டு, அன்று காலையில் விலைச் சீட்டுகளை உரித்தெடுக்கும் வழக்கமும் உண்டு என்பதை மறைப்பானேன்? விலையைக் காணும்படி எழுதி வைக்க வேண்டுமென்பது இந்நாட்டுச் சட்டம். கொள்ளை லாபத்தைத் தடுக்க 2011இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறார்கள். இருந்தாலும் அதிகாரி வருவார் என்ற அச்சத்தைப் பற்றியல்ல நாம் பேச வந்தது.

இதுபற்றி நம் தெருவின் மூத்த வியாபாரி ஒருவரோடு ஒருநாள் அஸருக்குப் பின் பேசிக்கொண்டிருந்தோம். நாகூர்க்காரர், நானா என்றே அழைப்போம். நயமான மனிதர். தர்மம் கொடுப்பதில் நம்மையெல்லாம் மிஞ்சியவர். அவர் சொன்னார்:

“தம்பி, நீங்க கிதாபை விரிச்சுக்கிட்டு வந்துட்டீங்க. வாடகையை யாரு கொடுப்பா? அந்தக் கப்பலுக்குள்ளே ஒரு போத்தல் தண்ணி என்ன விலைன்னு கேட்டுப் பாருங்க. நம்ம 5 வெள்ளி அவனுக்குச் சல்லிக்காசு. கழுத்தைப் பிடிச்சா வாங்குறோம்? அவனும் சிரிச்சுக்கிட்டேதானே கொடுக்கிறான்!”

“வாடகை எல்லா நாளும்தானே நானா ஏறுது? கப்பல் வந்த அன்னிக்கு மட்டுமா?” என்றோம்.

“மத்த நாளு வர்றவன்கிட்டே கேட்டா அவன் அடுத்த கடைக்குப் போயிடுவானே!” என்றார்.

நானாவின் வாயிலிருந்து அந்தக் கடைசி வார்த்தை வந்ததும் நமக்குப் பளிச்சென்று ஒன்று விளங்கியது. அதைப் பின்னால் சொல்லுகிறோம். முதலில் அவருடைய நியாயங்களுக்கு நியாயம் செய்துவிடுவோம். அவர் விளையாட்டுக்குப் பேசுபவரல்லர்.

வாடகையைப் பற்றி அவர் கூறியது முற்றிலும் உண்மை. 1966ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 1997இல் ரத்துச் செய்யப்பட்டு, 1999 முடிவோடு அந்தப் பாதுகாப்பு போயிற்று. எத்தனை பழைய கடைகள் அதற்குப் பின் பூட்டப்பட்டன என்பதை அன்பர்கள் அறிவீர்கள். 2008இல் ஜார்ஜ் டவுன் உலகப் பாரம்பரிய நகரமாக அறிவிக்கப்பட்டதும் ஊருக்குப் பெருமை வந்தது. பெருமையோடு சேர்ந்து கட்டிடங்களின் விலையும் ஏறியது. தலைமுறை தலைமுறையாக மளிகை விற்ற வீட்டில் இன்று காப்பிக்கடை. கைலி விற்ற இடத்தில் தங்கும் விடுதி. எஞ்சி நிற்பவர் பிழைக்க வேண்டாமா? வேண்டும். அதற்கு வழி விலையைக் கூட்டுவது, எல்லோருக்கும் கூட்டுவது. 2 வெள்ளி கட்டுப்படியாகவில்லையென்றால் 2.50 என்று எழுதி ஒட்டுவோம். அதில் குற்றமில்லை. மாதம் 30 நாளும் ஓடும் வாடகையை, இறங்கி வந்த பிரயாணியின் ஒரு நாள் தாகத்தின் தலையில் மட்டும் தூக்கி வைப்பது என்ன கணக்கு என்பதே நம் கேள்வி.

அடுத்து, அவன் பணக்காரன் என்பது. அந்தக் கப்பல்களில் வருவோரெல்லாம் சீமான்களல்லர். சிங்கப்பூரிலிருந்து மூன்று நான்கு இரவுப் பிரயாணமாக வருகிறவர்களில் ஓய்வூதியக்காரர்கள் உண்டு. பிள்ளைகள் சேர்ந்து காசு போட்டு அனுப்பி வைத்த தாய் தகப்பன்மார் உண்டு. அது கிடக்கட்டும், மெய்யாகவே சீமான் என்று வைத்துக் கொள்வோம். நம் மார்க்கச் சட்டம் முஸாபிருக்குத் தொழுகையைச் சுருக்கிக் கொள்ளவும், நோன்பைப் பின்னர் நோற்கவும் சலுகை கொடுத்திருக்கிறது. அந்தச் சலுகையைக் கொடுக்கும்போது, ‘இவன் ஏழை முஸாபிரா, பணக்கார முஸாபிரா?’ என்று கிதாபு கேட்டதா? கேட்கவில்லை. பிரயாணம் என்பதே ஒரு பலவீனம். வழி தெரியாது, விலை தெரியாது, பாஷை தெரியாது, நேரம் கையிலில்லை. பல்லக்கில் போனாலும் பிரயாணி பிரயாணியே. ஸகாத்தில் வழிப்போக்கருக்குரிய பங்கைக் கப்பல் சீமானுக்குக் கொடுக்கச் சொல்லி நாம் வாதாடவில்லை. கையில் பணமுள்ளவருக்கு அது சேராது. ஆனால் நியாய விலை என்பது ஸகாத்தன்று. ஏழைக்கு அதிகமாகவும் பணக்காரனுக்குக் குறைவாகவும் பங்கிட்டுக் கொடுக்கும் தர்மமன்று அது. பொருளுக்கு உரியது.

மூன்றாவது, அவன் சம்மதித்துத்தானே கொடுக்கிறான் என்பது. இதுதான் கனமான வாதம். வாங்குபவனும் விற்பவனும் இசைந்து விட்டால் வியாபாரம் செல்லும் என்பதில் ஐயமில்லை. ஆற்று நீரும் ஊற்று நீரும் பொதுவென்றாலும், பாத்திரத்தில் பிடித்த நீரை விற்கலாம். விலை அதிகம் என்ற ஒரே காரணத்துக்காக நம் ஷாஃபி மத்ஹபில் வியாபாரம் முறிந்துவிடுவதில்லை. ஆகவே, நாம் யாரையும் நோக்கி ‘ஹராம்’ என்று கூவ வரவில்லை. ஃபத்வா கொடுப்பது ஆலிம்களின் வேலை, கடைக்காரன் வேலையன்று. ஆனால் சட்டத்தில் செல்லுபடியாவது ஒன்று, செய்யத் தக்கதாயிருப்பது இன்னொன்று என்பதையும் அதே ஆலிம்களிடம்தான் ஓதியிருக்கிறோம்.

சந்தைக்கு வரும் வியாபாரக் கூட்டத்தாரை, அவர்கள் ஊருக்குள் நுழைந்து விலை நிலவரம் அறியுமுன்பே வழியில் மறித்துச் சரக்கை வாங்குவதை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். அங்கே விற்றவனும் சம்மதித்துத்தான் விற்றான். இருந்தும், சந்தைக்கு வந்து உண்மை விலையைக் கண்டபின் அவ்வியாபாரத்தை முறித்துக் கொள்ளும் உரிமை அவனுக்குக் கொடுக்கப்பட்டது. ஏன்? அறியாமையில் பிறந்த சம்மதம் அரைச் சம்மதம் என்பதனால் என்றே நமக்குத் தோன்றுகிறது. அங்கே விற்பவன் அறியாதவன். இங்கே வாங்குபவன் அறியாதவன். வேற்றுமை அவ்வளவே. அவன் சந்தை விலையை அறியும்போது கப்பல் லங்காவியைத் தாண்டியிருக்கும். முறித்துக் கொள்வதற்கு எங்கே வருவான்?

இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், பொருளீட்டலைப் பற்றிய பகுதியில் எடுத்துக் காட்டும் வரலாறு ஒன்றை நம்மில் பலர் சிறுவயதில் கேட்டிருப்போம். பஸரா நகரில் யூனுஸ் இப்னு உபைத் என்ற துணி வியாபாரி இருந்தார். அவர் கடையில் 200 திர்ஹம் ஆடையும் உண்டு, 400 திர்ஹம் ஆடையும் உண்டு. ஒருநாள் தம் சகோதரர் மகனைக் கடையில் இருத்திவிட்டுத் தொழப் போனார். அந்நேரம் பாலைவனத்துக் கிராமவாசி ஒருவர் வந்து 400 திர்ஹத்தில் ஓர் ஆடை கேட்டார். பையன் 200 திர்ஹம் ஆடையை எடுத்துக் காட்டினான். வந்தவருக்குப் பிடித்துவிட்டது. 400ஐ எண்ணிக் கொடுத்துவிட்டுத் துணியைக் கையில் ஏந்திக்கொண்டு நடந்தார். தொழுது திரும்பிய யூனுஸ் வழியில் அவரைக் கண்டார். தம் கடைத்துணி என்று அடையாளம் தெரிந்தது. என்ன கொடுத்தீர் என்று விசாரித்து, இது 200க்கு மேல் பெறாது, திரும்பி வாரும் என்று அழைத்தார். கிராமவாசியோ, எங்கள் ஊரில் இது 500 பெறும், எனக்குத் திருப்திதான் என்றார். யூனுஸ் விடவில்லை. கையோடு அழைத்து வந்து 200 திர்ஹத்தைத் திருப்பிக் கொடுத்தார். பையனைக் கடிந்து கொண்டார். அவன் மனம் பொருந்தித்தானே எடுத்துப் போனார் என்றான் பையன். உனக்கென்றால் நீ பொருந்துவாயா என்ற கருத்தில் அவனுக்கு விடை கிடைத்தது.

நம் நானா எடுத்துச் சொன்ன வாதங்கள் அனைத்தும் இந்த வரலாற்றில் அடங்கியிருப்பதைக் கவனித்தீர்களா? வந்தவர் வெளியூர்க்காரர். தாமே 400 என்று வாய்விட்டுக் கேட்டவர். அவருடைய ஊரில் விலை இன்னும் அதிகம். நம் கப்பற்காரருக்குக் கப்பலில் விலை அதிகமாயிருப்பதுபோலத்தான். அவருக்கு மனத்தாங்கலும் இல்லை. பையன் பொய்யும் சொல்லவில்லை. இத்தனையும் சரியாக இருந்தும் அந்த வியாபாரி தெருவில் பிறகே நடந்து போய்ப் பணத்தைத் திருப்பியிருக்கிறார்.

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்த வேண்டும். பேரம் பேசுவதை நாம் குறை கூறவில்லை. கைலி, துண்டு, பாத்தேக் துணி போன்றவற்றில் பேரம் நம் தெருவின் வழக்கம். இரு தரப்பாரும் ஆட்டத்தின் விதியை அறிந்து ஆடும்வரை அதில் கெடுதலில்லை, சுவையும் உண்டு. ஆனால் கப்பல்நாளில் அது எங்கே போய் முடிகிறதென்று பாருங்கள். சென்னையிலிருந்து வரும் அம்மையார் 60 வெள்ளி என்றால் 25க்குக் கேட்பார். 30க்கு வாங்கிப் போய்விடுவார். ஆஸ்திரேலியாக் கிழவர் ஒருவர் நாம் சொன்ன 60ஐ வேதவாக்காக எடுத்துக்கொண்டு நோட்டை நீட்டுவார். முன்னவர் நம்மை நம்பவில்லை, பின்னவர் நம்பினார். நம்பாதவருக்கு 30, நம்பியவருக்கு 60. கடைக்காரனை நம்பியதற்கு அபராதமா அது? பேரம் தெரிந்தவரிடம் பேரம் பேசுவோம். தெரியாதவரிடம், பேரம் முடிந்தால் எந்த விலையில் நிற்போமோ அந்த விலையையே முதலில் சொல்லிவிடுவோம். இதில் நம் லாபம் போய்விடாது. 30க்குக் கொடுக்கும்போதும் லாபம் வைத்துத்தானே கொடுத்தோம்? (மழை பிடித்ததும் குடை விலை ஏறும் சங்கதி தனி. அதைத் தொட்டால் இந்த இதழ் போதாது.)

இனி, நானாவின் கடைசி வார்த்தைக்கு வருவோம். மற்ற நாளில் வருபவரிடம் அதிக விலை கேட்டால் அவர் அடுத்த கடைக்குப் போய்விடுவார் என்றாரே, அந்த வார்த்தை நம்மை இரண்டு மூன்று இரவுகள் தூங்கவிடவில்லை. தெருவாசிக்கு நாம் நியாய விலை கொடுப்பது எதனால்? நாம் நியாயமானவர் என்பதாலா, அவர் நாளைக்கும் வரவேண்டும் என்பதாலா? இரண்டும் கலந்தே இருக்கிறது. பாலும் நீரும் கலந்தாற்போல் கலந்திருப்பதால் எது எவ்வளவென்று நமக்கே தெரிவதில்லை. வாடிக்கைக்காரர் முகத்துக்கு அஞ்சுகிறோம், ஊர்வாய்க்கு அஞ்சுகிறோம், அடுத்த கடைக்கு அஞ்சுகிறோம். இந்த அச்சங்களெல்லாம் சேர்ந்து நம்மை நல்லவராக வைத்திருக்கின்றன. இந்த அச்சங்களில் ஒன்றுமே இல்லாமல் நம் முன்னால் வந்து நிற்பவர் கப்பற் பிரயாணி ஒருவரே. அவரிடம் நாம் வாங்கும் விலையில்தான் நம் நியாயம் தண்ணீர் கலவாமல் எவ்வளவு இருக்கிறதென்று தெரியும்.

ஊர்ப் பெயர் கெட்டுவிடும், ஆகையால் ஒழுங்காக நடப்போம் என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். பிரயாணி கைப்பேசியில் நம் கடையைப் பற்றி எழுதிவிடுவான், நாலுபேர் படித்துவிடுவார்கள் என்று வேறு சிலர் எச்சரிக்கிறார்கள். நல்ல யோசனைதான். ஆனால் அதுவும் நாளைய வியாபாரத்துக்குப் போடும் கணக்கே. எழுதத் தெரியாத ஒரு கிழவி வந்தால் அவருக்கு எந்த விலை?

அதே கப்பலிலிருந்து இறங்கும் இன்னொரு கூட்டத்தாரையும் நினைத்துப் பார்க்க வேண்டும். அவர்கள் கப்பல் ஊழியர்கள். பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா, இந்தியா முதலிய நாடுகளைச் சேர்ந்த வாலிபர்கள். ஆறு மாதம், எட்டு மாதம் ஒப்பந்தத்தில் வீட்டைப் பிரிந்திருப்பவர்கள். கடலோடிகளுக்குக் கரையில் இறங்க அனுமதி வேண்டுமென்பது 2006ஆம் ஆண்டு கடல்சார் தொழிலாளர் ஒப்பந்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆனால் அவர்களுக்குக் கிடைப்பது வேலை முறைகளுக்கிடையே இரண்டு மூன்று மணி நேரம்தான். அதில் மணிக்கூண்டைப் பார்க்க அவர்களுக்கு நேரமேது? சோப்பு, மீ பாக்கெட், தலைவலித் தைலம் வாங்கிக்கொண்டு, அஞ்சடியில் குந்தி வீட்டுக்குப் போன் பேசிவிட்டு ஓடுகிறார்கள். இவர்களிடம் நம் தெருவில் யாரும் கூடுதல் விலை கேட்பதில்லை. காரணம் இரக்கமென்று சொல்ல ஆசைதான். ஆனால் கப்பல் இரண்டு வாரத்துக்கொருமுறை திரும்புகிறது, அவர்களும் திரும்புகிறார்கள் என்பதே காரணம். ஒரே ஏணியில் இறங்கிய இருவர். ஒருவருக்கு 2 வெள்ளி, ஒருவருக்கு 5 வெள்ளி.

நம் முன்னோர் வந்த காலத்தையும் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போமாக. 1926இல் கட்டப்பட்ட ரஜூலா கப்பலில் சென்னையிலிருந்தோ நாகப்பட்டினத்திலிருந்தோ மேல்தட்டில் பாய் விரித்துப் படுத்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள்தாம் நம்மில் பலர். அதற்குப் பின் எம்.வி. சிதம்பரம் ஓடியது, 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்த பின் அந்தப் பிரயாணிக் கப்பற்போக்கே நின்றுவிட்டது. அவர்கள் உல்லாசத்துக்கு வந்தவர்களல்லர். ஜெரெஜாக் தீவில் நோய்த்தடுப்பு முகாமில் அடைத்து வைக்கப்பட்டு, பிறகு கரைக்கு விடப்பட்டவர்களும் அவர்களில் உண்டு. ஆனால் கரையில் முதல் அடி வைத்த அந்த உச்சிவேளையில் விலை தெரியாமல், பாஷை தெரியாமல், தலை கிறுகிறுக்க நின்றிருப்பார்கள் அல்லவா? கண்டார் கம்பைத் தோளில் சுமந்து துறைமுகத்துத் தொழிலாளிகளுக்குச் சோறு விற்ற நம்மவர்களிடம்தான் பலர் முதற்சோறு உண்டிருப்பார்கள். அந்தச் சோற்றுக்கு ஊர்க்காரன் விலை வாங்கினார்களா, வந்தவன் விலை வாங்கினார்களா என்பதற்கு ஏடு எதுவுமில்லை. வாங்கியவர் யாராயிருந்தாலும் கணக்கு அவரோடு போய்விட்டது.

ஊரில் கோடை வந்தால் தண்ணீர்ப் பந்தல் போடுகிறார்களே, அதை அன்பர்கள் மறந்திருக்கமாட்டீர்கள். மண்பானையில் தண்ணீர், ஒரு குவளை, மேலே நாலு தென்னங்கீற்று. வழியே போகிறவன் யார், எந்த மதம், பணமுள்ளவனா என்று கேட்பாரில்லை. தாகம் ஒன்றே சீட்டு. அதைப் போட்டவர்களும் வியாபாரிகள்தாம். ஊரில் பந்தல் போடப் பணம் அனுப்புகிற கைகளே இங்கே கப்பல்நாளில் போத்தலின் விலைச்சீட்டை உரிக்கலாமா? போத்தலை இலவசமாகக் கொடுக்கச் சொல்லவில்லை. போத்தல் வியாபாரம், 2 வெள்ளிக்கு விற்போம். அதன் பக்கத்தில் ஒரு தண்ணீர்க் கலமும் ஒரு முக்காலியும் இருந்தால் வியாபாரம் படுத்துவிடாது. வாங்க வேண்டுமென்பவர் வாங்குவார். உட்கார வேண்டுமென்பவர் உட்காருவார்.

முக்காலியின் அவசியத்துக்கு ஒன்று சொல்வோம். சென்ற ஆண்டு கப்பல்நாள் ஒன்றில், மணி 1.30 இருக்கும், வெள்ளைக்கார மூதாட்டி ஒருவர் வேறொரு கடையின் படியில் உட்கார்ந்துவிட்டார். முகம் செக்கச் சிவந்திருந்தது. அந்தக் கடைப் பையன், வியாபாரம் நடக்கும் இடம், எழுந்து போங்கள் என்று கையைக் காட்டினான். பையனைக் குறை சொல்லிப் பயனில்லை. அவனுக்கு அப்படித்தான் சொல்லி வைத்திருந்தார்கள். அவர் எழ முயன்றார், கால் தள்ளாடியது. கணவர் கேட்டதற்கு மாறி மாறி ஏதோ சொன்னார். எதிர்க்கடையிலிருந்து மேற்சொன்ன நம் நானாதான் ஓடிவந்தார். நிழலில் சாய்த்து, துண்டை நனைத்துக் கழுத்திலும் கையிலும் போட்டு, அட்டைப்பெட்டி மூடியால் விசிறச் சொன்னார். ஆம்புலன்சுக்குப் போன் செய்யவும் சொன்னார். வெயில் தாக்கியவர் பேச்சுத் தடுமாறினால் தாமதிக்கக் கூடாது. முதலில் உடம்பைக் குளிர்விக்க வேண்டும், மயக்கமாயிருப்பவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. இதை நம் கடைப் பையன்கள் எல்லோருக்கும் சொல்லி வைப்பது நலம். அம்மூதாட்டி வண்டி வருமுன்பே கண் தெளிந்து பேசலானார். நானா தம் கடையிலிருந்து இரண்டு போத்தல் எடுத்துக் கொடுத்தார். கணவர் பணப்பையைத் திறந்தபோது கையை அசைத்து மறுத்துவிட்டார்.

மறுநாள் அவரிடம், “நானா, 10 வெள்ளி போச்சே?” என்று வேடிக்கையாகக் கேட்டோம்.

“அது வேறே தம்பி, அது வேறே” என்றார். எப்படி வேறு என்று நாம் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஆனால் அதற்கடுத்த கப்பல் வந்தபோது அவர் கடையில் விலைச்சீட்டு ஒட்டியபடியே இருந்ததைக் கண்டோம். ஒருநாள் மறதியோ என்னவோ, அறியோம்.

நம் கடையிலும் முக்காலி போட்டாயிற்று. முதலில் அஞ்சடியில் போட நினைத்தோம். அது எல்லோரும் நடக்கிற வழி, அடைக்கலாகாது. ஆகவே வாசலை ஒட்டி உள்பக்கமாக, மின்விசிறிக் காற்று எட்டும் இடத்தில், தராசுக்கும் குடைக் கட்டுக்கும் நடுவே போட்டிருக்கிறோம். தண்ணீர்க் கலம் சின்னதாயிருக்கிறது. பகல் 2 மணிக்குள் இருமுறை நிரப்ப வேண்டியிருக்கிறது.